ஊர் நிகழ்ச்சிகளுக்கான இணையதளத்தை நிறுத்துவது எப்படி: வேலூர் வட்டாரத் தன்னார்வலர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூர் வட்டாரத்தில் கோயில் திருவிழா, தெருக்கூத்து, வாசகர் வட்டக் கூட்டம், கண் சிகிச்சை முகாம் என்று எங்கே என்ன நடக்கிறது என்பதைத் திரட்டி, கைக்காசைப் போட்டு இணையதளம் நடத்திவரும் தன்னார்வலர்கள், இதை இத்துடன் நிறுத்திவிடலாமா என்று ஒரு கட்டத்தில் யோசிக்கத் தொடங்குவது இயல்பு. அந்த முடிவை எதை வைத்து எடுப்பது, எடுத்த பிறகு எந்த வேலையை எதற்கு முன் செய்வது என்பதை இந்தக் குறிப்பு சொல்கிறது. நிகழ்ச்சித் தளத்தில் உள்ள ஒவ்வொரு வரியையும் நம்பி யாரோ ஒருவர் பேருந்து ஏறுகிறார் என்பதால், சொந்த வலைப்பக்கத்தை மூடுவதைப் போல இதை ஒரே இரவில் மூடிவிட முடியாது.

தை பிறந்ததும் இந்தப் பகுதியில் ஊர் ஊராகத் தொடங்கிவிடும் காளை விடும் விழாவை எடுத்துக்கொள்ளுங்கள். அரசு அனுமதி கிடைத்த பிறகே நாள் உறுதியாகும் என்பதால், முதலில் பேசிய தேதி தள்ளிப்போவது உண்டு. சில ஊர்களில் அந்த ஆண்டு விழாவே நடக்காமல் போவதும் உண்டு. காளை வளர்ப்போர் கிருஷ்ணகிரிப் பக்கமிருந்தும் ஆந்திர எல்லைக்கு அப்பாலிருந்தும் மினி லாரியை வாடகைக்குப் பிடித்து, காளையை ஏற்றிக்கொண்டு விடியுமுன் புறப்படுகிறார்கள். உங்கள் தளத்தில் பழைய தேதி மாற்றப்படாமல் கிடந்தால், வந்தவருக்கு வாடகையும் நட்டம், நாளும் நட்டம். தளமே இல்லாதிருந்தால் அவர் விழாக் குழுவிடம் தொலைபேசியில் கேட்டு உறுதிசெய்துகொண்டிருப்பார். ஆகவே அரைகுறையாக நடக்கும் தளம், மூடப்பட்ட தளத்தைவிட அதிகக் கெடுதல் செய்கிறது என்பதை அடிப்படையாக வைத்துக்கொண்டு மேலே செல்லலாம்.

முடிவெடுக்கும் முன்

பார்வையாளர் எண்ணிக்கையைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அந்தக் கணக்கில் வேலூர்க் கோட்டையின் படத்தைத் தேடி வந்தவர்களும், பொற்கோயில் திறக்கும் நேரத்தைத் தேடி வந்தவர்களும் சேர்ந்தே இருப்பார்கள். நிகழ்ச்சி நடப்பதற்கு முந்தைய சில நாள்களில் அந்தந்த நிகழ்ச்சியின் பக்கத்தை எத்தனை பேர் திறந்தார்கள் என்பதை மட்டும் தனியாகப் பிரித்துப் பாருங்கள். மொத்த எண்ணிக்கை பெரிதாக இருந்து இந்த எண்ணிக்கை விரல்விட்டு எண்ணக்கூடியதாக இருந்தால், உங்களிடம் இருப்பது நிகழ்ச்சித் தளம் என்பதைவிட ஊர்த் தகவல் தளம் என்பதே பொருந்தும். அதற்கு வாராவாரம் உழைக்கத் தேவையில்லை.

அடுத்து, உங்கள் தளம் இல்லாவிட்டால் மக்களுக்குத் தெரியவே வராத நிகழ்ச்சிகள் எத்தனை என்று எண்ணுங்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா ஆண்டுதோறும் வைகாசி முதல் நாள் நடக்கிறது. வேலூரில் புஷ்பப் பல்லக்கு சித்ரா பௌர்ணமியன்று புறப்படுகிறது. மயானக் கொள்ளை மாசி அமாவாசையை ஒட்டி வருகிறது. இவற்றை அறிந்துகொள்ள யாருக்கும் இணையதளம் வேண்டியதில்லை. சிற்றூர்த் திரௌபதி அம்மன் கோயிலில் பத்து நாளோ அதற்கு மேலோ நடக்கும் பாரதக் கூத்து, நூலகத்தில் இருபது பேருக்காக நடக்கும் நூல் அறிமுகம், ஒரு தெருவில் மட்டும் நோட்டீசு ஒட்டப்பட்ட மருத்துவ முகாம் ஆகியவற்றுக்குத்தான் உங்கள் உழைப்பு உண்மையில் பயன்பட்டிருக்கிறது. கடந்த ஓராண்டில் அத்தகைய பதிவுகள் குறைந்துகொண்டே வந்திருந்தால், தளத்தின் பணி ஏற்கெனவே சுருங்கிவிட்டது என்று பொருள்.

மூன்றாவது சோதனையே எனக்கு நம்பகமாகப் படுகிறது. நீங்களாகத் தேடிப் போய்த் திரட்டுவதை ஒரு மாதத்துக்கு நிறுத்திவிட்டு, அமைப்பாளர்கள் தாங்களாக அனுப்புவனவற்றை மட்டும் வெளியிடப்போவதாகத் தளத்தின் முகப்பில் தெளிவாக எழுதிவையுங்கள். கூத்தும் திருவிழாவும் நெருக்கமாக வரும் பங்குனி அல்லது சித்திரை மாதத்தில் இதைச் செய்வது நல்லது. அந்த மாதத்தில் அழைப்பிதழ்கள் தாமாக வந்து குவிந்தால், ஊருக்குத் தளம் தேவைப்படுகிறது, உங்களுக்கு நேரமில்லை என்பதே சிக்கல். அப்போது மூடுவதை விட்டு, கைமாற்றிக் கொடுக்கும் வழியைப் பார்க்க வேண்டும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸும் இன்ஸ்டாகிராம் போஸ்டரும் போதும் என்று அமைப்பாளர்கள் இருந்துவிட்டால், மூடுவதற்குத் தயங்க வேண்டியதில்லை.

உழைப்பின் அளவையும் நேர்மையாகக் கணக்கிட வேண்டும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது தட்டச்சு வேலையாகத் தோன்றும். வாட்ஸ்அப்பில் வந்து சேரும் கோயில் நோட்டீசின் படம் ஒன்றை அருகில் வைத்துப் பாருங்கள்: மஞ்சள் தாளில், மடிப்பு விழுந்த இடத்தில் எழுத்து அழிந்து, மேலே தமிழ் ஆண்டும் மாதமும் தேதியும், நடுவில் உபயதாரர் பெயர்கள் இரண்டு பத்தியாக நெருக்கியடித்து, கீழே ‘வெள்ளிக்கிழமை இரவு விடிந்தால் சனிக்கிழமை படுகளம், மாலை தீமிதி’ என்று ஒரு வரி. பிற்பகலில் நடக்கும் பாரதப் பிரசங்கத்துக்கு ஒரு நேரம், இரவு பத்து மணிக்கு மேல் தொடங்கி விடியும்வரை நீளும் கூத்துக்கு ஒரு நேரம், இடையில் சாமி ஊர்வலம். இதில் தீமிதி எந்த ஆங்கிலத் தேதியில் வருகிறது என்பதைத் தமிழ் நாள்காட்டியுடன் ஒப்பிட்டு, ஐயமிருந்தால் நோட்டீசில் உள்ள எண்ணுக்குப் பேசி, பின்னரே பதிவிட முடியும். இந்த ஒப்புநோக்கலைச் செய்ய ஆளில்லாத நிலை வந்துவிட்டால், தட்டச்சு செய்ய எத்தனை பேர் முன்வந்தாலும் தளம் நம்பகமாக நடக்காது.

மூடுவதற்கும் தொடர்வதற்கும் இடையில், எல்லையைச் சுருக்கிக்கொள்வது என்று ஒரு வழி இருக்கிறது. பழைய வடாற்காடு மாவட்டம் 1989இல் இரண்டாகப் பிரிந்தது. எஞ்சிய வேலூர் மாவட்டம் 2019இல் வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாயிற்று. பிரிவினைக்கு முன் தொடங்கப்பட்ட தளங்கள் இன்றும் வாலாஜாபேட்டையிலிருந்து வாணியம்பாடிவரை எல்லாவற்றையும் சுமந்துகொண்டிருக்கின்றன. இப்போது அனுமதி, அறிவிப்பு, தொடர்பு ஆள்கள் யாவும் மூன்று ஆட்சியர் அலுவலகங்களைச் சார்ந்தவை. வேலூர் மாநகராட்சி எல்லைக்குள் மட்டும் என்று குறுக்கிக்கொண்டால் ஒருவராலேயே செய்ய முடிகிற அளவுக்கு வேலை இறங்கிவிடும். இடத்தால் சுருக்குவது வாசகருக்குப் புரியும். நேரம் கிடைக்கும்போது போடுகிறோம் என்று சுருக்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன், ஏனெனில் எது விடுபட்டது என்பது வாசகருக்குத் தெரிய வழியில்லை.

டொமைன், அதாவது தளத்தின் இணைய முகவரிக்கான புதுப்பிப்புக் கட்டணம் வந்து நிற்கும் நாளில் முடிவெடுக்காதீர்கள். அந்தத் தொகை சிறியது. அதைக் கட்டிவிட்டு நிதானமாக முடிவெடுப்பதே மலிவு.

கைமாற்றிக் கொடுப்பது

ஏற்றுக்கொள்ள ஆள் தேடும்போது கல்லூரி மாணவர்கள்தாம் முதலில் நினைவுக்கு வருவார்கள். வேலூரில் ஊரிசுக் கல்லூரி, முத்துரங்கம் அரசு கலைக் கல்லூரி, காட்பாடியில் ஆக்சிலியம் கல்லூரி என்று பல நிறுவனங்கள் இருப்பதால் ஆர்வமுள்ளவர்கள் கிடைப்பது கடினமன்று. ஆனால் இளநிலைப் படிப்பு மூன்றாண்டில் முடிந்துவிடும். ஆர்வமாக ஏற்றுக்கொண்ட மாணவர் இறுதித் தேர்வுக்குப் பின் பெங்களூருக்கோ சென்னைக்கோ போய்விடுவார். ஆகவே தனி மாணவரிடம் கொடுப்பதைத் தவிர்த்து, ஒரு துறையிடமோ, நாட்டு நலப்பணித் திட்ட அலகிடமோ, நூலக வாசகர் வட்டத்திடமோ, பொறுப்பாளர் மாறினாலும் பொறுப்பு மாறாத ஓரிடத்தில் கொடுக்க முயலுங்கள்.

விளம்பரத்துக்காகவோ தேர்தல் நோக்கத்துக்காகவோ பெயரை மட்டும் கேட்டு வருபவர்களும் உண்டு. பல ஆண்டு நம்பிக்கை அந்தப் பெயரில் சேர்ந்திருப்பதால் அதற்குச் சந்தை மதிப்பு உண்டு என்பது உங்களைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும். பழைய பதிவுகளை அப்படியே காப்பது, நிகழ்ச்சி அறிவிப்புக்குக் காசு வாங்காதது ஆகிய இரண்டையும் எழுத்தில் ஒப்புக்கொள்பவருக்கு மட்டும் பெயரைக் கொடுங்கள். மற்றவருக்கு, வேறு பெயரில் தொடங்கச் சொல்லி உங்கள் அனுபவத்தை மட்டும் கொடுத்தால் போதும்.

டாட் காம் போன்ற முகவரிகளை மாற்றிக் கொடுக்கும்போது, முகவரியை உங்களுக்குப் பதிவுசெய்து தந்த பதிவு நிறுவனத்தின் கணக்கில், மாற்றத்தைத் தடுக்கும் பூட்டை நீக்கி, மாற்றக் குறியீட்டைப் பெற்றுப் புதியவருக்குத் தர வேண்டும். புதிதாகப் பதிவு செய்த முதல் 60 நாள்களுக்குள் பொதுவாக வேறு நிறுவனத்துக்கு மாற்ற இயலாது. ஆள் கிடைப்பதற்கென்று ஒரு கடைசித் தேதியையும் வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தேதிக்குள் யாரும் உறுதியாக வராவிட்டால் மூடும் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். ‘பார்க்கலாம், சொல்கிறேன்’ என்பவருக்காகக் காத்திருந்து ஆண்டைக் கடத்துவது இந்தப் பணியில் மிகவும் சாதாரணம்.

நாள் குறிப்பது

தைப் பொங்கலிலிருந்து ஆடிக் கிருத்திகைவரை இந்த வட்டாரத்தில் நிகழ்ச்சிகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரும். அதன் நடுவில் நிறுத்தினால், பாதிக் கூத்துக்குத் தேதி இருக்கும், மீதிக்கு இராது. தீபாவளிக்கும் கார்த்திகைத் தீபத்துக்கும் இடைப்பட்ட மழைக்காலத்தில் திறந்தவெளி நிகழ்ச்சிகள் குறைவு. நிறுத்துவதற்கு அதுவே ஏற்ற காலம். அதற்கு இரண்டு மாதம் முன்னதாக, அதாவது ஆவணி முடிவில் அல்லது புரட்டாசித் தொடக்கத்தில் அறிவிப்பை வெளியிடலாம்.

அறிவிப்பில் மூன்று தேதிகள் இருக்க வேண்டும்: புதிய நிகழ்ச்சிகளைப் பெற்றுக்கொள்ளும் கடைசி நாள், தளத்தில் இடம்பெறும் கடைசி நிகழ்ச்சியின் நாள், தளம் காப்பகமாக மாறும் நாள். அமைப்பாளர்கள் பெரும்பாலும் தளத்தைத் திறந்து பார்ப்பதில்லை. படத்தை அனுப்பினால் வெளிவரும் என்பது மட்டுமே அவர்களுக்குத் தெரியும். அதனால் தொடர்ந்து அனுப்பிவந்தவர்களுக்குத் தனித்தனியே தொலைபேசியில் சொல்லிவிட்டு, பின்வருமாறு ஒரு செய்தியையும் அனுப்புங்கள்:

‘ஐயா, வணக்கம். இத்தனை ஆண்டுகளாகத் தங்கள் கோயில் விழா நோட்டீசை எங்களுக்கு அனுப்பி வந்தீர்கள், மிக்க நன்றி. வரும் ஐப்பசி மாதத்துடன் எங்கள் இணையதளத்தில் புதிய நிகழ்ச்சிகளை வெளியிடுவதை நிறுத்திக்கொள்கிறோம். அடுத்த ஆண்டு நோட்டீசில் எங்கள் தள முகவரியை அச்சிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம். பழைய நோட்டீசுகள் காப்பகமாக அப்படியே இருக்கும்.’

நோட்டீசில் முகவரியை அச்சிட வேண்டாம் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். அச்சகத்தில் கடந்த ஆண்டின் கோப்பைத் திறந்து தேதியை மட்டும் மாற்றி அடிப்பது வழக்கம் என்பதால், சொல்லாவிட்டால் இன்னும் சில ஆண்டுகளுக்கு உங்கள் முகவரி ஊரெங்கும் ஒட்டப்பட்டுக்கொண்டே இருக்கும்.

எதை வைத்துக்கொள்வது, எதை அழிப்பது

கடந்துபோன நிகழ்ச்சியின் அறிவிப்பால் இனி என்ன பயன் என்று தோன்றலாம். எந்த ஊரில் எந்தக் கூத்து எத்தனையாம் நாள் நடந்தது, பெருந்தொற்றுக் காலமான 2020, 2021ஆம் ஆண்டுகளில் எந்த விழாக்கள் நின்றன, எவை மீண்டும் தொடங்கவே இல்லை என்பனவற்றையெல்லாம் பின்னாளில் ஒருவர் அறிய விரும்பினால், வேறெங்கும் கிடைக்காத சான்று உங்கள் பட்டியல்தான். அதனால் பழைய பக்கங்களை அழிக்காமல், தரவுத்தளம் தேவைப்படாத நிலையான எச்டிஎம்எல் பக்கங்களாக மாற்றி வையுங்கள். வேர்டுபிரஸ் என்ற தளம் நடத்தும் மென்பொருளில் நடக்கும் தளமாக இருந்தால், அதன் ஏற்றுமதிக் கோப்பில் எழுத்துகள் மட்டுமே வரும், படங்களுக்கு இணைப்புதான் இருக்கும் என்பதை நினைவில் கொண்டு, படங்களின் கோப்புறையைத் தனியாக இறக்கிக்கொள்ள வேண்டும். நோட்டீசுகளெல்லாம் படங்களாகவே இருப்பதால், இதைத் தவறவிட்டால் காப்பகம் வெறும் தலைப்புகளின் வரிசையாகிவிடும். நிலையான பக்கங்களாக்கிய பின் புதுப்பிக்க வேண்டிய நிரல் எதுவும் இராது. கவனிக்காமல் விடப்பட்ட வேர்டுபிரஸ் தளத்தில் அயலார் புகுந்துவிடும் ஆபத்தும் நீங்கும். இணையப் பக்கங்களின் படிகளைச் சேமித்து வைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் முக்கியப் பக்கங்களை நீங்களே கொடுத்துச் சேமிக்கச் செய்யலாம். ஒரு படியை வன்தட்டில் எடுத்து, உள்ளூர் நூலகமோ கல்லூரியோ பெற்றுக்கொள்ள முன்வந்தால் அங்கேயும் கொடுத்துவையுங்கள்.

காப்பகமாக்குவதற்கு முன் ஒரு சலிப்பான வேலை உண்டு. நோட்டீசுகளில் உபயதாரர்கள், விழாக் குழுவினர் ஆகியோரின் கைப்பேசி எண்கள் அச்சிடப்பட்டிருக்கும். அவை ஓர் ஊருக்கும் ஒரு வாரத்துக்கும் என்று கொடுக்கப்பட்டவை. இணையத்தில் நிரந்தரமாக வைப்பதற்கு யாரும் இசைவு தரவில்லை. எழுத்துப் பதிவுகளில் எண்களை நீக்குவது எளிது. படங்களில் ஒவ்வொன்றாகத் திறந்து மறைக்க வேண்டியிருக்கும், அல்லது அந்தப் பகுதியை வெட்டிவிட வேண்டியிருக்கும். ஆள்பலம் இல்லையென்றால், அண்மைய சில ஆண்டுகளின் படங்களை மட்டும் பொதுப் பார்வையிலிருந்து எடுத்து வன்தட்டில் வைத்துக்கொள்ளலாம்.

வாராந்தர அறிவிப்புக்காகப் பெயர், மின்னஞ்சல், எண் கொடுத்துப் பதிவுசெய்தவர்களின் பட்டியலை முற்றிலும் அழித்துவிடுங்கள். பெறப்பட்ட நோக்கம் முடிந்த பிறகு தனிநபர் தரவை வைத்திருக்கக் கூடாது என்பது 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படைகளுள் ஒன்று. தளத்தை ஏற்று நடத்த முன்வந்தவர் கேட்டாலும் இந்தப் பட்டியலை அப்படியே தூக்கிக் கொடுக்க வேண்டாம். அவருடைய பெயரையும் பதிவுசெய்யும் வழியையும் நீங்கள் ஒரு முறை அறிவித்துவிட்டால், விரும்பியவர்கள் தாமாகச் சேர்ந்துகொள்வார்கள்.

டொமைனை விட்டுவிடாதீர்கள்

பலர் இங்கேதான் அவசரப்படுகிறார்கள். தளம் நின்றுவிட்டது, முகவரி எதற்கு என்று புதுப்பிக்காமல் விடுவது மிகத் தவறு. டாட் காம் முகவரி காலாவதியானதும், பதிவு நிறுவனத்தைப் பொறுத்து 45 நாள்வரை வழக்கமான கட்டணத்தில் புதுப்பிக்க வாய்ப்பிருக்கலாம். அது கடந்து நீக்கப்பட்டால் 30 நாள் மீட்புக் காலத்தில் கூடுதல் கட்டணம் கட்டி மீட்கலாம். அதன் பின் 5 நாளில் யார் வேண்டுமானாலும் பதிவுசெய்துகொள்ளலாம். பழைய இணைப்புகளும் தேடுபொறி மதிப்பும் உள்ள முகவரிகளை எதிர்பார்த்துச் சூதாட்டத் தளம் நடத்துவோர் காத்திருக்கிறார்கள். ஒரு கோயிலின் கும்பாபிஷேகப் பத்திரிகையில் அச்சிடப்பட்ட முகவரியைச் சொடுக்கினால் சீட்டாட்டம் திறக்கும் நிலை வரக் கூடாது.

அதைவிடப் பெரிய ஆபத்து மின்னஞ்சலில் இருக்கிறது. தளத்தின் பெயரிலேயே ஒரு மின்னஞ்சல் முகவரி வைத்து, அதைக் கொண்டு பேஸ்புக் பக்கம், யூடியூப் சேனல், நன்கொடைக்கான கணக்கு ஆகியவற்றைத் தொடங்கியிருப்பீர்கள். டொமைன் வேறொருவர் கைக்குப் போனால், அந்த மின்னஞ்சலுக்கு வருவனவும் அவருக்கே போகும். கடவுச்சொல்லை மறந்துவிட்டேன் என்று ஒரு சொடுக்கு சொடுக்கினால், அந்தக் கணக்குகளும் அவர் வசமாகிவிடும். வீட்டை விற்றவர் பழைய சாவியை வாசலிலேயே விட்டுப் போவதைப் போன்றது இது. எனவே மூடும் வேலைகளில் முதலாவதாக, அந்த மின்னஞ்சலைக் கொண்டு தொடங்கிய கணக்குகள் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, ஒவ்வொன்றிலும் தனிப்பட்ட நிலையான மின்னஞ்சலை மாற்றிக் கொடுங்கள். குறைந்தது ஐந்தாண்டுக்காவது டொமைனைப் புதுப்பித்து வைத்திருங்கள். மொத்தமாகக் கட்டும் வசதி இருந்தால் அப்படியே கட்டிவிடலாம். யாருடைய அட்டையிலிருந்து கட்டணம் போகிறது, புதுப்பிப்பு நினைவூட்டல் யாருக்கு வருகிறது என்பதைக் குழுவில் குறைந்தது இருவராவது அறிந்திருக்க வேண்டும்.

வாட்ஸ்அப் குழு இருந்தால், நிர்வாகி சட்டென்று வெளியேறக் கூடாது. ஒரே நிர்வாகி வெளியேறினால் உறுப்பினர்களில் யாரோ ஒருவர் தானாக நிர்வாகியாகிவிடுவார், குழுவும் உங்கள் தளத்தின் பெயரிலேயே தொடரும். முதலில் நிர்வாகிகள் மட்டும் செய்தி அனுப்பும்படி மாற்றி, இறுதி அறிவிப்பைப் போட்டு, சில நாள் கழித்து உறுப்பினர்களை நீக்கிவிட்டு, கடைசியாக நீங்கள் வெளியேறுங்கள்.

நன்கொடை வாங்கியிருந்தால் கியூஆர் குறியீட்டை எல்லாப் பக்கங்களிலிருந்தும் எடுத்துவிட்டு, மீதமிருக்கும் தொகை எவ்வளவு, எதற்குச் செலவாகிறது என்பதை இறுதி அறிவிப்பிலேயே எழுதிவிடுங்கள். டொமைன் புதுப்பிப்புக்கு ஒதுக்கிவைப்பதே பொருத்தமான செலவு. சங்கமாகப் பதிவு செய்திருந்தால் தளத்தை மூடியதால் சங்கம் கலைந்துவிடாது. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றி, மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் உரிய ஆவணங்களைத் தாக்கல் செய்ய வேண்டும். இதற்குத் தணிக்கையாளர் ஒருவரின் உதவியைப் பெறுவது நல்லது.

இறுதிப் பக்கம்

நிறுத்திய நாளில் தளத்தின் முகப்பிலும், தேடுபொறி வழியாக நேரே பழைய நிகழ்ச்சிக்கு வருபவர்களுக்காக ஒவ்வொரு பக்கத்தின் தலைப்பகுதியிலும் ஓர் அறிவிப்பு தெரிய வேண்டும். நீண்ட வரலாறு வேண்டாம். ‘இந்தத் தளத்தில் புதிய நிகழ்ச்சிகள் வெளியிடப்படுவதில்லை. இங்குள்ள தேதிகள் யாவும் கடந்த காலத்தவை. நடப்பு விழாக்களுக்கு அந்தந்தக் கோயில் அல்லது விழாக் குழுவைத் தொடர்புகொள்ளவும்’ என்ற அளவு போதும். ஆண்டு குறிப்பிடாமல் மாதமும் நாளும் மட்டும் கொண்ட பழைய பதிவுகளுக்கு ஆண்டைச் சேர்த்துவிடுங்கள். ‘ஆடி வெள்ளி, மாலை 6 மணி’ என்று மட்டும் நிற்கும் வரி எல்லா ஆண்டுக்கும் பொருந்திவிடும். நிகழ்ச்சி அனுப்பும் படிவத்தையும் கருத்துப் பகுதியையும் அடைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் படிவம் ‘நன்றி, பெற்றுக்கொண்டோம்’ என்று பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

அடுத்த பங்குனியில் எப்படியும் சிலர் உங்களை அழைத்து, அந்த ஊர்த் தீமிதி என்றைக்கு என்று கேட்பார்கள். கோயில் அலுவலக எண்ணோ, ஊரில் பொறுப்பானவர் யார் என்பதோ தெரிந்தால் சொல்லுங்கள். நீங்களே விசாரித்துத் தேதியைச் சொல்லத் தொடங்கினால், அடுத்த வாரம் நான்கு பேர் அழைப்பார்கள்.